ஆண் துணையே இல்லை... ஆனாலும் முட்டை! செல்லப் பச்சோந்திக்கு வரும் ஆபத்து

கூண்டில் இருப்பது ஒரே ஒரு பச்சோந்தி. அதுவும் பெண். வயது ஆறு மாதம்கூட நிறையவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓர் ஆண் பச்சோந்தியை அது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒருநாள் வயிறு உப்பத் தொடங்குகிறது. எப்போதும் கிளையிலேயே இருப்பது, தரைக்கு இறங்கி மூலை மூலையாகச் சுரண்டுகிறது. பூச்சியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அஜீரணம் என்று நினைத்து வளர்ப்பவர் சும்மா இருந்துவிட்டால், அதன் உயிருக்கே ஆபத்து. காரணம், வயிற்றில் இருப்பது முட்டைகள்!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பச்சோந்திகளில் ஒன்று வெய்ல்டு கெமீலியன். தலையில் கிரீடம் வைத்ததுபோல உயர்ந்த முகடு இருக்கும். ஏமன் நாடும், சவுதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும்தான் இதன் தாயகம். இந்த இனத்தின் பெண் பச்சோந்திகளுக்குத்தான் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது.

சேவல் இல்லாத பண்ணையிலும் கோழி முட்டையிடுகிறது அல்லவா? அதே கதைதான் இங்கும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இது பருவமடைந்துவிடும். இணை சேராவிட்டாலும் கருவில்லாத முட்டைகள் உருவாகும். ஆனால், கோழி நாளுக்கு ஒரு முட்டைதான் இடும். இதுவோ ஒரே ஈட்டில் 20 முதல் 70 முட்டைகள்வரை சுமக்கும். ஒரு சாண் உடம்புக்கு அது எவ்வளவு பெரிய பாரம்!

அன்பே ஆபத்தாகும்போது...

பச்சோந்தியின் சொந்த மண்ணில் மழை பெய்தால் பூச்சி பெருகும், வறட்சி வந்தால் குறையும். முட்டையும் அதற்கேற்பத்தான். வீட்டில் அப்படி இல்லை. தினமும் வயிறார இரை, நாள் முழுக்க விளக்கின் சூடு. 'இது நல்ல காலம், முட்டை வைக்கலாம்' என்று உடம்பு முடிவுகட்டிவிடுகிறது. இரையும் சூடும் கூடக்கூட முட்டைகளின் எண்ணிக்கையும் கூடுகிறது.

முட்டை ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும். உணவில் போதாவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கும். வளரும் வயதில் இருக்கும் இளம் பெண்ணுக்கோ, அந்த எலும்பே இன்னும் முழுதாக உறுதிப்பட்டிருக்காது. அதனால் எலும்பு மெலிந்து வளைகிறது. சில நேரம் முறிந்தும் விடுகிறது. தசை சுருங்குவதற்கும் கால்சியம் தேவை என்பதால், அது குறைந்தால் முட்டையை வெளியே தள்ளவும் வலு இருக்காது. முட்டைகள் உள்ளேயே தங்கிவிடும்.

இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. சினைப்பையில் வளர்ந்த மஞ்சள்கருக்கள் முட்டையாகவும் மாறாமல், கரைந்தும் போகாமல் அப்படியே நின்றுவிடும். நாளடைவில் உள்ளுக்குள் அழற்சி ஏற்பட்டு உயிருக்கே உலை வைத்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் அடையாளம் நிறம். பச்சை உடம்பில் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தோன்றினால் அது பருவமடைந்துவிட்டது என்று அர்த்தம். முட்டையிடும் நாள் நெருங்கும்போது சாப்பாட்டைக் குறைப்பதும், தரையில் அலைவதும் இயல்பே. அப்போதும் அது சுறுசுறுப்பாகத்தான் இருக்கும்.

பகலிலேயே கண்ணை மூடிக்கொள்வது, கிளையைப் பிடிக்க முடியாமல் தடுமாறுவது, கூண்டின் அடியில் சோர்ந்து கிடப்பது, முக்கியும் முட்டை வராதது, சில முட்டைகளோடு நின்றுபோவது... இவையெல்லாம் அபாய அறிகுறிகள். பச்சோந்தி தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். அது சோர்ந்து படுத்துவிட்டது என்றால் தள்ளிப்போட நேரமில்லை.

ஊர்வன சிகிச்சை தெரிந்த கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். நீர்ச்சத்தும் கால்சியமும் ஏற்றி, தேவைப்பட்டால் முட்டை வெளிவர ஊசி போடுவார். அதற்கும் வழிக்கு வராவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

வருமுன் காக்க...

* நான்காவது மாதத்திலேயே கூண்டில் முட்டையிடும் தொட்டி இருக்க வேண்டும். சுமார் ஓர் அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்புங்கள். பொந்து தோண்டினால் சரியாத அளவுக்கு ஈரம் போதும்.

* தோண்டும்போது யாராவது பார்ப்பது தெரிந்தால் பாதியிலேயே விட்டுவிடும். கூண்டைத் துணியால் மூடிவிட்டு ஒதுங்கிவிடுவதே நல்லது.

* வளரும் குட்டியைப் பட்டினி போடக் கூடாது. தினமும் இரை தேவை. பருவமடைந்து, வளர்ச்சி நிதானப்பட்ட பிறகு படிப்படியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் போதும்.

* வெயில் காயும் இடத்தின் சூடு, வளர்ந்த பெண்ணுக்கு 27 முதல் 29 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும்.

* இரைப் பூச்சிகள்மீது கால்சியம் பொடி தூவ வேண்டும். அந்தக் கால்சியம் உடம்பில் சேர, புற ஊதா 'பி' கதிர் தரும் விளக்கு அவசியம். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

முட்டை உருவாவதையே முழுதாகத் தடுத்துவிட முடியும் என்று சொல்வதற்கில்லை. எண்ணிக்கையைக் குறைத்து, சிரமமில்லாமல் இடவைப்பதுதான் வளர்ப்பவர் கையில் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் குழந்தை ஆசைப்பட்டதற்காகப் பச்சோந்தி வாங்கப் போனால், முதலில் பின்னங்காலைப் பாருங்கள். இந்த இனத்தின் ஆணுக்குப் பொரிக்கும்போதே குதிகாலில் சிறு முள் போன்ற புடைப்பு இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. பெண் என்றால், கூண்டோடு சேர்த்து மணல் தொட்டிக்கும் மருத்துவச் செலவுக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வேலியிலும் முள்மரத்திலும் தென்படும் இந்தியப் பச்சோந்தியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதற்கான மணல் தொட்டியை மண்ணே வைத்திருக்கிறது!