எண்ணி எண்ணிச் செதுக்கும் இயந்திரம்

புது வீட்டு வாசற்கதவில் கஜலட்சுமியைச் செதுக்கியிருந்தால், ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிட்டத்தில் போங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து யானையின் முதுகைப் பாருங்கள். பாலிஷுக்கு அடியில் மெல்லிய கோடுகள் ஒரே இடைவெளியில் வரிசையாக ஓடுகின்றனவா? அப்படியானால் அதைச் செதுக்கியது ஆசாரியின் உளி அல்ல, கணினி தரும் எண்களைக் கேட்டு ஓடும் சி.என்.சி. இயந்திரம். உருண்டை முனை கொண்ட வெட்டும் பிட் ஒன்று மரத்தின்மேல் முன்னும் பின்னுமாகப் போய்வந்த தடம் அது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைத்திருப்பார்கள்தான். ஆனால் சேலை மடிப்பின் இடுக்கில் உப்புத்தாள் நுழையாது. அங்கே தேடினால் அகப்படும்.

2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கையால் செய்த நல்ல சிலையில் விரல்களுக்கு நடுவே மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். கதவு செதுக்கும் மூன்று அச்சு இயந்திரத்துக்கு அது வராது. அதன் பிட் மேலிருந்து கீழே மட்டுமே இறங்கும். விரலுக்கு அடியில் புகுந்து குடையாது. மெஷின் வந்துவிட்டது, இனி சிற்பிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அந்த விரலைக் காட்டுங்கள்.

சரி, அந்த மெஷினை வீட்டில் கட்ட முடியுமா? கதவு செதுக்கும் அளவுக்கு முடியாது. பலகையில் உங்கள் பெயரைச் செதுக்கும் அளவுக்குத் தாராளமாக முடியும். அதற்கு முன் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிட்டால் இப்படி வெட்டிச் செதுக்குவதை மில்லிங் என்பார்கள். அது கழித்தல் கணக்கு. அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளியில் படிக்கிறவர்கள் முப்பரிமாண அச்சு இயந்திரத்தை (3டி பிரிண்டரை) பார்த்திருப்பீர்கள். அது பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகச் சேர்க்கும். மில்லிங்கில் இருப்பதிலிருந்து வேண்டாததை நீக்கவேண்டும். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் குடைந்த கோயில் இருக்கிறதே, அதுவும் முழுக்க முழுக்கக் கழித்தல்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை உண்டாக்கியதாக அங்கே கல்வெட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். (உளி இரும்புதானே என்று வகுப்பில் ஒருவராவது கேட்பீர்கள். கட்டடத்துக்குள் உலோகம் சேர்க்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.) கழித்தலில் ஒரு சங்கடம் உண்டு. கூடுதலாக ஒரு மில்லிமீட்டர் வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் பிட் இப்போது எங்கே நிற்கிறது என்பது எந்த நேரமும் தெரிந்தாக வேண்டும்.

இதற்குத் தீர்வு தேடியவர்களில் ஒருவர் ஜான் பார்சன்ஸ். அமெரிக்காவில் டிராவர்ஸ் சிட்டி என்ற ஊரில் ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்தவர். இறக்கையின் வளைவை அச்சுப்பிசகாமல் வெட்ட வேண்டும். அவரும் பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலனும் வளைவில் உள்ள புள்ளிகளைக் கணக்குப் போட்டு அட்டவணையாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அட்டவணையை உரக்க வாசிப்பார். மில்லிங் மெஷினின் இரண்டு கைப்பிடிகளில் ஆளுக்கொன்றைப் பிடித்து நிற்கும் இருவர், சொன்ன எண்ணுக்குத் திருப்புவார்கள். மூன்று மனிதர்கள் சேர்ந்த ஒரு சி.என்.சி.! வாசிப்பவருக்குப் பதிலாகத் துளையிட்ட தாளும், திருப்புகிறவர்களுக்குப் பதிலாக மோட்டாரும் வந்தால் என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற கல்வி நிலையம் அந்த இயந்திரத்தை 1952-ல் ஓட்டிக் காட்டியது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் இருந்தன.

உங்கள் மேசை மெஷினில் கைப்பிடி திருப்பும் ஆளுக்குப் பெயர் ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் விர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்கும். இது ஒரு துடிப்புக்கு ஒரு படி மட்டும் நகர்ந்து நிற்கும். 200 படிகள் சேர்ந்தால் ஒரு சுற்று. ஒரு படிக்கு 1.8 பாகை. அந்த 200 எங்கிருந்து வருகிறது தெரியுமா? நடுவில் சுழலும் காந்த உருளையின் விளிம்பில் 50 பற்கள் இருக்கின்றன. சுற்றியுள்ள இரண்டு சுருள் தொகுதிகளில் மின்சாரத்தை நான்கு விதமாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் உருளை ஒரு பல் தூரம் நகரும். 50-ஐ 4-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பழைய பிரிண்டரைப் பிரித்தால் இப்படியொரு மோட்டார் கிடைக்கலாம். எதோடும் இணைக்காமல் அதன் தண்டை விரலால் திருப்புங்கள். வழுவழுவென்று சுற்றாது, விட்டுவிட்டு, நெருடி நெருடித் திரும்பும். நான்கு ஒயர்கள் இருந்தால் அவற்றில் இரண்டின் முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்துத் திரும்பத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு ஜோடியைத் தொடவைத்ததும் தண்டு சட்டென்று இறுகிவிடும். அந்த இரண்டும் ஒரே சுருளின் முனைகள் என்று அர்த்தம். நீங்கள் திருப்பும்போது மோட்டார் ஒரு குட்டி ஜெனரேட்டர் ஆகிறது. சுற்று மூடியிருப்பதால் மின்சாரம் ஓடுகிறது. அந்த மின்சாரம் தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கிறது. 1834-ல் லென்ஸ் சொன்ன விதி இது. பாடப்புத்தகத்தில் அம்புக்குறியாகப் படிப்பதை இங்கே விரலில் உணரலாம். ஒயர் நிறம் குழம்பிப்போன மோட்டாரில் ஜோடி கண்டுபிடிக்கவும் இதுதான் எளிய வழி.

சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்றத் திருகு வேண்டும். ஹார்டுவேர் கடையில் எட்டு மில்லிமீட்டர் திரெட் ராடு என்று கேட்டால் கொடுப்பார்கள். வழக்கமான வகையில், ஒரு சுற்றுக்கு நட்டு 1.25 மில்லிமீட்டர் நகரும். 608 என்று எண் போட்ட பேரிங்கின் துளையும் எட்டு மில்லிமீட்டர்தான் என்பதால் ராடு அதில் பொருந்திவிடும். இப்போது கணக்கு: 200 படிக்கு 1.25 மில்லிமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 160 படி. ஒரு படிக்கு 0.00625 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஒரு முடி தூரத்தைக் கடக்க இந்த மெஷின் 11 படி வைக்கும்.

அடேயப்பா, முடியில் பதினொன்றில் ஒரு பங்கு துல்லியமா என்று குதிக்காதீர்கள். படி சிறிதாக இருப்பது வேறு, சொன்ன இடத்தில் போய் நிற்பது வேறு.

ஏனென்றால் இதற்குக் கண் கிடையாது. கரண்ட் போன இரவில் கட்டிலிலிருந்து தண்ணீர்ப் பானைக்குக் காலடியை எண்ணிக்கொண்டே போவோமே, வீட்டில் கட்டிய மெஷின் எப்போதும் அப்படித்தான் நடக்கிறது. தொடங்கும்போது ‘இதுதான் பூஜ்யம்’ என்று ஓர் இடத்தை நாம் காட்டுகிறோம். அதிலிருந்து அனுப்பிய துடிப்புகளை எண்ணித் தான் எங்கே இருக்கிறோம் என்று நம்பிக்கொள்கிறது. பிட் ஒரு மரக்கணுவில் மாட்டிக்கொண்டு மோட்டார் நாலு படி திரும்பாமல் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. மிச்ச வேலை முழுவதையும் நாலு படி தள்ளி, அதே நம்பிக்கையோடு செய்து முடிக்கும். தொழிற்சாலை மெஷின்களில் மோட்டார் உண்மையில் எவ்வளவு திரும்பியது என்று திருப்பிச் சொல்லும் உணரி இருக்கும். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் மெதுவாக, மேலாக வெட்டவேண்டும்.

இரண்டாவது வில்லங்கம் நட்டு. நட்டுக்கும் ராடுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். லேத் பட்டறையில் ‘பிளே’ என்பார்கள். ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்த மேசையைத் திருப்பும்போது, முதல் சில படிகள் அந்த ஆட்டத்தை நிரப்பவே செலவாகிவிடும். ராடு சுற்றும், மேசை நகராது. இரண்டு நட்டுகளைப் போட்டு நடுவே ஸ்பிரிங் வைத்து எதிரெதிராகத் தள்ளவிட்டால் ஆட்டம் பெரும்பாலும் போய்விடும்.

மூன்றாவது, வளைவு. ஹாக்சா பிளேடு ஒன்றை மேசை விளிம்புக்கு வெளியே 10 சென்டிமீட்டர் நீட்டி அழுத்திப் பிடித்து, முனையில் கனமான நட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். எவ்வளவு தாழ்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு 20 சென்டிமீட்டர் நீட்டுங்கள். இரண்டு மடங்கு தாழும் என்றுதானே நினைப்பீர்கள்? சுமார் எட்டு மடங்கு தாழும். நீளத்தின் கனத்துக்கு ஏற்ப வளைவு கூடுகிறது. அதனால்தான் பிட்டை எவ்வளவு குட்டையாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு குட்டையாகப் பிடிக்க வேண்டும் என்பது. சட்டத்துக்கும் இதே கதைதான். இணையத்தில் பார்த்துவிட்டுப் பெரிய மெஷின் கட்ட ஆசைப்படுகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் முதல் மெஷின் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மேல் வேண்டாம்: 18 மில்லிமீட்டர் பிளைவுட் சட்டம், மேசை நகர டிராயர் சேனல், மேசைக்கு மேலே பாலம்போல் அசையாமல் நிற்கும் ஒரு சட்டம், அதில் ஏறி இறங்கிப் பிட்டைச் சுழற்றும் சின்ன மோட்டார்.

மூளை? ஆர்டுவினோ ஊனோ என்ற சின்னப் பலகை போதும். அதன் நிரல் நினைவகம் 32 கிலோபைட்; உங்கள் வீட்டு ஃபோனில் எடுக்கும் ஒரு படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. அதற்குள் அடங்குகிற ‘கிரபில்’ என்ற இலவச மென்பொருளை 2009-ல் எழுதத் தொடங்கியவர் நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட். ‘ஜி1 எக்ஸ்50 எஃப்300’ என்று ஒரு வரி அனுப்பினால், ‘எக்ஸ் திசையில் 50-க்கு நேராகப் போ, நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில்’ என்று புரிந்துகொள்ளும். பூஜ்யத்திலிருந்து கிளம்பினால் அது 8,000 துடிப்பு, 10 நொடி.

ஒரே திசையில் போவது சுலபம். சாய்கோடு? எக்ஸில் 30, ஒய்யில் 40 மில்லிமீட்டர் போகவேண்டும் என்றால் இரண்டு மோட்டாரும் வெவ்வேறு எண்ணிக்கையில் படி வைத்து, ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஜாக் பிரசென்ஹாம் 1962-ல் கண்டுபிடித்த தந்திரம் இங்கே உதவுகிறது. வகுத்தல் இல்லை, தசமம் இல்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நீங்களே செய்யலாம். ஒய்யில் ஒவ்வொரு படி வைக்கும்போதும் கணக்கில் 3 வரவு வையுங்கள். வரவு 4 அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் எக்ஸிலும் ஒரு படி வைத்து 4-ஐக் கழியுங்கள். முதல் படியில் 3, போதாது. அடுத்து 6, எக்ஸில் ஒரு படி, மீதி 2. அடுத்து 5, ஒரு படி, மீதி 1. அடுத்து 4, ஒரு படி, மீதி 0. ஒய் நாலு வைத்தபோது எக்ஸ் சரியாக மூன்று. இதையே நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை, அலுக்காமல் செய்வதுதான் அந்தச் சின்னப் பலகையின் வேலை.

என்னென்ன வெட்டலாம்? பிளைவுட், மெழுகு, அக்ரிலிக், செம்புத்தகடு ஒட்டிய சர்க்யூட் பலகை. புனே பக்கம் பாபல் என்ற கிராமத்தில், கல்பாக் என்பவர் 1983-ல் தொடங்கிய விக்யான் ஆசிரமப் பள்ளியில் 2002-ல் ‘ஃபேப் லேப்’ என்ற செய்முறை ஆய்வகம் ஒன்று வந்தது. இப்படிப்பட்ட ஆய்வகங்களில் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு பருமனுள்ள பிட்டால் சர்க்யூட் பலகையைப் பிள்ளைகளே குடைந்து எடுப்பார்கள். எதை வெட்ட முடியாது என்பதற்கு உதாரணம் திண்டிவனத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: திருவக்கரை கல்மரப் பூங்கா. அங்கே கிடப்பவை பார்வைக்கு மரக்கட்டைகள். ஆனால் சுமார் 2 கோடி ஆண்டுகள் பழைய அந்த மரங்கள் முழுதும் சிலிக்காவாக மாறிவிட்டன. இரும்பு ஆணியால் கீறக்கூட முடியாது. நம் பிட் தொட்ட மாத்திரத்தில் மொக்கையாகிவிடும். (கல்லை எடுத்துவரவும் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம்.)

கண்ணாடி, முகமூடி இல்லாமல் பிட்டை ஓடவிடாதீர்கள். 230 வோல்ட் பக்கத்து வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். பிட்டை மாட்டுவதற்கு முன்னால் அதே இடத்தில் ஒரு பேனாவைக் கட்டி, காகிதத்தில் சதுரம் வரையச் சொல்லுங்கள். மெஷினில் என்ன நோய் என்று சதுரம் சொல்லிவிடும். மூன்று மெஷின்களின் அளவுகள் இதோ. எதில் என்ன கோளாறு?

முதல் மெஷினில் 50 மில்லிமீட்டர் கேட்டால் 49.5 வருகிறது, 100 கேட்டால் 99 வருகிறது. இரண்டாவது மெஷின் போகும்போது சரியாக 50 வரைகிறது, திரும்பும்போது 49.7; 100 கேட்டால் போகும்போது 100, திரும்பும்போது 99.7. மூன்றாவதில் நாலு பக்கமும் சரியாக 50. ஆனால் ஒரு மூலைவிட்டம் 71.2, மற்றது 70.2.

முதலாவதில் குறை நீளத்தோடு சேர்ந்து கூடுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு 160 படி என்று எழுதிய எண்ணை 50-ஆல் பெருக்கி 49.5-ஆல் வகுத்து மாற்றி எழுதினால் சரியாகிவிடும். இரண்டாவதில் எவ்வளவு தூரம் போனாலும் குறை அதே 0.3, எண்ணை மாற்றிப் பயனில்லை, நட்டில்தான் ஆட்டம். மூன்றாவதன் விடையை நீங்கள் சொல்லுங்கள். ஒரு குறிப்பு: கணினியைத் தொட வேண்டாம், மூலைமட்டத்தை எடுங்கள்.