அப்பா கேட்ட உதவியும் ஒரு எம்மி விருதும்

போன வாரம் தீர்த்தமலையில இருந்து அப்பா போன் பண்ணார். "வாட்ஸ்அப்ல போட்டோ வரலப்பா, என்னன்னு பாரு." அப்புறம் பார்க்கலாம்னு வெச்சுட்டேன்.

அன்னைக்கு ராத்திரி பார்த்தது 'மாஸ்டர் ஆஃப் நன்'. எழுதி நடிச்ச அசிஸ் அன்சாரியோட பெற்றோர் தமிழ்நாட்டுல இருந்து அமெரிக்கா போனவங்க. 'பேரண்ட்ஸ்' எபிசோடுல அப்பா ஐபேடை சரிபண்ணித் தரச் சொல்றார். மகன் சினிமாவுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிடறான். அந்த அப்பா, அம்மாவா நடிச்சது அவரோட நிஜ அப்பா, அம்மாதான்!

2016 எம்மியில இந்தத் தொடருக்கு 4 நாமினேஷன்: சிறந்த காமெடித் தொடர், நடிகர், இயக்கம், எழுத்து. கிடைச்சது எழுத்துக்கு மட்டும். அதை முழுத் தொடருக்குத் தர மாட்டாங்க, ஒரு எபிசோடுக்குத்தான். 'பேரண்ட்ஸ்'க்காக அசிஸும் ஆலன் யாங்கும் வாங்கினாங்க.

மறுநாள் அப்பாவுக்கு நானே கூப்பிட்டேன். போன்ல இடமில்ல, அவ்வளவுதான். ரெண்டு நிமிஷ வேலை.