சாவியைக் கொடுத்துட்டுப் போங்க, சார்!

எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன் பட்டறையில் ஒரு போர்டு உண்டு. 'வாகனங்கள் உரிமையாளர்களின் சொந்தப் பொறுப்பில் விடப்படுகின்றன.' அதற்குப் பக்கத்திலேயே ஒரு கண் திருஷ்டி பொம்மை. போன மாசம் வரை பட்டறையின் பாதுகாப்பு ஏற்பாடு என்று பார்த்தால் இவை இரண்டும்தான்!

அன்றைக்கு சர்வீஸுக்கு விட்ட என் பழைய மாருதியை எடுக்கப் போனேன். அண்ணன் ஸ்டூலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த இருபது வயசுப் பையன் சுவரோரம் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே ஆச்சு?"

"ரிவர்ஸ்ல எடுடான்னேன் தம்பி... எடுத்துட்டான்."

எடுத்தது என் மாருதியை. இடித்தது ஒரு டாக்டரின் புத்தம்புதுக் காரை! என் வண்டிக்குக் கீறல்கூட இல்லை, பழைய இரும்பு. டாக்டர் வண்டிக்குக் கதவு, பம்பர், விளக்கு எல்லாம் காலி. ஷோரூமில் எஸ்டிமேட் 62 ஆயிரம் போட்டார்கள்.

டாக்டர் கோபப்படவே இல்லை. "என் பாலிசியில க்ளெய்ம் போட்டா நோ-க்ளெய்ம் போனஸ் போயிடும். இடிச்சது உங்க ஆள். நீங்கதான் கட்டணும்" என்று ஊசி போடுகிற மாதிரி மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அண்ணியின் கழுத்துச் செயின் அடகுக் கடைக்குப் போனது.

"தம்பி, நீ பி.காம்.தானே? நானும் வருஷா வருஷம் பட்டறைக்கு இன்ஷூரன்ஸ் கட்டறேன். எதுக்குத்தான் கட்டறேன்னு படிச்சுச் சொல்லு."

பி.காம். படித்தவனுக்கு வேலை கிடைக்கிறதோ இல்லையோ, இந்த மாதிரி வேலைகள் நிறையக் கிடைக்கும். படித்தேன். அது சாதாரண தீ விபத்து பாலிசி. கட்டடம், கருவிகள், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பொடி எழுத்தில் ஒரு வரி: பிறர் நம்பி ஒப்படைத்த பொருட்களுக்கு, தனியாகக் குறிப்பிட்டாலொழிய, பாதுகாப்பு கிடையாது. அண்ணன் பட்டறையில் இருப்பதில் முக்கால்வாசி பிறர் நம்பி ஒப்படைத்ததுதானே! தீப்பிடித்தால் ஸ்பேனருக்குப் பணம் வரும், காருக்கு வராது.

வீட்டுக்கு வந்து என் கார் பாலிசியைப் புரட்டினேன். எதற்கெல்லாம் வண்டியை உபயோகிக்கக் கூடாது என்று ஒரு பட்டியல். வாடகைக்கு விடுவது, பந்தயம் ஓட்டுவது என்று போய், கடைசியில் 'மோட்டார் தொழில் சம்பந்தப்பட்ட எந்த உபயோகமும்' என்று முடிகிறது. பட்டறை ஆள் ஓட்டி ஏதாவது ஆனால், இந்த வரியைக் காட்டிக் கேள்வி கேட்க இடம் இருக்கிறது!

என் பாலிசி அவரைப் பார்க்கிறது. அவர் பாலிசி என்னைப் பார்க்கிறது. நடுவில் கார் நிற்கிறது, அநாதையாக.

சரி, அந்த போர்டு? காலேஜில் மெர்கண்டைல் லா வகுப்பில் 'பெய்ல்மெண்ட்' என்று நடத்தினார்கள். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 151-வது பிரிவு. ஒருவர் ஒப்படைத்த பொருளை, புத்தியுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளைக் காப்பது போல் காக்க வேண்டும். அப்போது தூங்கிக்கொண்டே எழுதிய நோட்ஸ், இப்போது கண்ணைத் திறந்தது.

டெல்லியில் ஒரு கதை நடந்தது. 1998-ல் ஒருவர் நட்சத்திர ஹோட்டலுக்குப் போய், பார்க் பண்ணுவதற்காகத் தன் மாருதி ஜென் சாவியை ஊழியரிடம் கொடுத்தார். திரும்பி வந்தால் வண்டி இல்லை. கொடுத்த சீட்டில் 'சொந்தப் பொறுப்பு' என்று அச்சடித்திருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி அவருக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் கொடுத்தது. அத்தோடு விட்டதா? அவரையும் சேர்த்துக்கொண்டு ஹோட்டல் மேல் வழக்குப் போட்டது! 2019-ல் சுப்ரீம் கோர்ட், சாவியை வாங்கிக்கொண்ட பிறகு அஜாக்கிரதையை அந்த வாசகத்தால் மறைக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

ஆக, பார்ட்டியின் கம்பெனி பணம் கொடுத்தாலும் பட்டறைக்காரர் நிம்மதியாகத் தூங்க முடியாது. அவர் கதவையும் ஒருநாள் தட்டலாம்.

இதற்கென்றே இந்த நாட்டில் தனிப் பாலிசிகள் இருக்கின்றன. பெயர், 'மோட்டார் டிரேட்'. ஏஜெண்ட் ஒருவர் விரல் விட்டு எண்ணினார். பட்டறைக்குள் நிற்கும் வண்டிகளுக்கு 'இன்டர்னல் ரிஸ்க்'. டிரேட் சர்டிபிகேட்டில் ஷோரூம்காரர்கள் ஓட்டுவது, மெக்கானிக் ட்ரயல் போவது, இதற்கெல்லாம் 'ரோடு ரிஸ்க்'. மூன்றாவது 'ரோடு ட்ரான்ஸிட்'. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கேபினே இல்லாத வெறும் சேஸிஸில் உட்கார்ந்து ஓசூரிலிருந்து நாமக்கல்லுக்கு ஒருவர் ஓட்டிப் போவாரே, பாடி கட்டுவதற்காக... அந்த மாதிரிப் பயணத்துக்கு!

ஜாக்கி நழுவிப் பையனுக்கு அடிபட்டால்? அது வேறு கணக்கு. சட்டப்படி முதலாளி நஷ்டஈடு தரவேண்டும். அதற்கும் தனிப் பாலிசி உண்டு.

தெருவில் போகிறவர் மேல் ட்ரயல் வண்டி மோதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். ரிப்பேருக்கு விட்ட வண்டியைப் பட்டறை ஆள் ஓட்டி விபத்தானாலும், அடிபட்டவருக்கு அந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தரவேண்டும் என்று 1988-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அடிபட்டவர் பிழைத்தார். நொறுங்கிய வண்டி? அது மறுபடியும் அண்ணன் தலையில்தான்.

"இத்தனை வருஷமா ஏண்ணே எடுக்கலை?" என்றேன்.

"யாரும் சொல்லலையே தம்பி."

ஏஜெண்டைக் கேட்டேன். "யாரும் கேக்கலையே சார்!"

போன வாரம் அண்ணன் பாலிசி எடுத்துவிட்டார். டாக்டர் வண்டிக்கு அழுததைவிட பிரீமியம் எவ்வளவோ குறைவு. ஆனால் போர்டும் பொம்மையும் அப்படியே இருந்தன. "இன்னும் எதுக்குண்ணே?"

"போர்டு பார்ட்டிக்கு. பாலிசி எனக்கு. பொம்மை... இந்தப் பையனுக்கு!"

சிரித்தேன். உள்ளேயிருந்து டீ கொண்டுவந்த அண்ணி சிரிக்கவில்லை. அவர் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. பாலிசி இனிமேல் நடக்கப்போவதற்குத்தான் பணம் தரும். நடந்து முடிந்ததற்கு வட்டிதான் கட்ட வேண்டும்.

அடுத்த தடவை எங்காவது சாவியைக் கொடுக்கும்போது, "எப்ப ரெடியாகும்?" என்பதோடு, "மோட்டார் டிரேட் பாலிசி இருக்கா?" என்றும் கேட்டுவையுங்கள். உங்கள் காருக்காக மட்டுமல்ல, உள்ளே டீ போடுகிற அண்ணிக்காகவும்.