அத்தா கார்டில் அம்மாவுக்குப் பல் கட்ட முடியுமா? இ.சி.எச்.எஸ். குடும்பங்கள் பணத்தை விடும் இடம்

நெஞ்சுவலி என்றால் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் கையிலிருந்து காசு கட்டாமல் சேர்த்துக்கொள்கிறார்கள். கண்புரை ஆபரேஷனுக்கும் அந்தக் கார்டு ஓடுகிறது. ஆனால் கடைவாய்ப் பல் இரண்டு போய், டாக்டர் ‘இம்ப்ளான்ட் வச்சுக்கலாம்’ என்று சொன்னதும் தொண்டியிலிருந்து சென்னைக்கோ துபாய்க்கோ போன் போகிறது. “அத்தா கார்டுல அம்மாவுக்குப் பல் கட்ட முடியுமாடா, கொஞ்சம் நெட்ல பாரு.”

நெட்டில் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ‘ராணுவக் குடும்பம், பல் இம்ப்ளான்ட், இன்சூரன்ஸ்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்காவின் ‘டிரைகேர்’ திட்டம். அங்கே படைவீரர் குடும்பம் மாதாமாதம் பிரீமியம் கட்டுகிறது. இம்ப்ளான்ட் செலவில் பாதியைத் திட்டம் ஏற்கிறது, அதற்கும் ஆண்டுக்கு 1,500 டாலர் என்ற உச்சவரம்பு உண்டு. நம்மூர் முன்னாள் ராணுவத்தினருக்கு இதில் ஒரு வரிகூடப் பொருந்தாது. இங்கே இருப்பது இ.சி.எச்.எஸ். எனப்படும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம். 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. ஓய்வு பெறும்போது ஒரே ஒரு முறை பணம் கட்டினால் போதும், பிறகு ஆயுளுக்கும் பிரீமியம் இல்லை. சிப்பாய் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996 ஜனவரிக்கு முன் ஓய்வு பெற்றவர்களும் போரில் கணவரை இழந்தவர்களும் கட்டவே வேண்டாம்.

சரி, பல்? இந்தத் திட்டத்தில் பல் சிகிச்சைக்கும் இடம் உண்டு. பல் எடுப்பது, அடைப்பது, வேர் சிகிச்சை, பல்செட் வரை வழி இருக்கிறது. இம்ப்ளான்ட்டுக்கும் கதவு முழுக்க மூடியில்லை. ஆனால் அந்தக் கதவு ஒரு பக்கமாகத்தான் திறக்கும். முதலில் அனுமதி, பிறகு சிகிச்சை. இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

பில்லைக் கொடுத்தால் ஏன் வராது?

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஊரிலேயே, இல்லை காரைக்குடியில் தெரிந்த பல் டாக்டர் இருப்பார். ஒரு பல்லுக்கு 25,000 ரூபாயில் தொடங்கி, ஸ்க்ரூவின் பிராண்டைப் பொறுத்து 50,000-ஐத் தாண்டிப் போகும். நகையை வைத்தோ பென்ஷன் கணக்கிலிருந்து எடுத்தோ கட்டிவிடுகிறார்கள். ‘பில்லை வாங்கி வச்சுக்கங்க, அப்புறம் கிளெய்ம் போட்டுக்கலாம்’ என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். கம்பெனி இன்சூரன்ஸில் பழகிய பிள்ளைகளும் அதையே சொல்வார்கள்.

இ.சி.எச்.எஸ். அப்படி ஓடுவதில்லை. ரெஃபரல் இல்லாமல், பட்டியலில் இல்லாத இடத்தில் செய்துகொண்ட சிகிச்சைக்குப் பணம் திரும்ப வர வேண்டுமென்றால் அது அவசர சிகிச்சையாக இருக்க வேண்டும். மாரடைப்பு அவசரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் சறுக்கித் தாடை உடைந்தால் அதுவும் அவசரம். அப்போது அருகில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அதில் சேர்ந்துவிட்டு, 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் அதே விபத்தில் விழுந்த பல்லுக்கு நாலு மாதம் கழித்து இம்ப்ளான்ட் வைப்பது அவசரக் கணக்கில் வராது. திட்டமிட்டுச் செய்யும் எந்தச் சிகிச்சையையும் போல அதற்கும் தனியாக ரெஃபரல் வாங்க வேண்டும்.

தொண்டிக்காரர்களுக்கு இதில் கூடுதல் சிரமம் ஒன்று இருக்கிறது. மாவட்டத்தின் பாலிகிளினிக் ராமநாதபுரத்தில். தேவிபட்டினம் வழியாக ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பல்லைக் காட்ட ஒரு நாள், எக்ஸ்ரேயோடு ஒரு நாள், காகிதத்துக்கு ஒரு நாள் என்று அலைந்து, அதன்பின் சிகிச்சைக்கு மதுரை மாதிரி பெரிய ஊருக்குப் போக வேண்டியிருக்கும். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ‘பல்லுக்கா இவ்வளவு?’ என்று சலித்துக்கொண்டு உள்ளூரிலேயே முடித்துவிடுவதில் ஆச்சரியமில்லை. திட்டத்தின் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். சென்னையில் இருப்பவருக்கு அது ஒரு ஆட்டோ தூரம், இங்கே இருப்பவருக்கு மூன்று பஸ் பயணம்.

படிப்படியாக என்ன செய்ய வேண்டும்?

முதலில் பாலிகிளினிக் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கார்டு கட்டாயம். குடும்பத்தில் யாருக்குச் சிகிச்சையோ அவருடைய கார்டு. அம்மாவின் பல்லுக்கு அத்தாவின் கார்டு மட்டும் போதாது.

இம்ப்ளான்ட் என்று நோயாளி கேட்பதால் கிடைக்காது. ‘மருத்துவக் காரணத்துக்காகத் தேவை’ என்று நிபுணர் எழுத வேண்டும். அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு இங்கே பணம் இல்லை. பல்செட்டோ, பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜோ ஏன் ஒத்துவராது என்பதும் குறிப்பில் இருந்தால் நல்லது. ஏனென்றால் மேலே உட்கார்ந்து ஃபைலைப் பார்ப்பவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். பக்கத்துப் பற்கள் ஆரோக்கியமாக இருக்கின்றன, அவற்றைச் சீவ வேண்டியதில்லை. கீழ்த்தாடையில் செட் நிற்காது. விபத்திலோ புற்றுநோய் ஆபரேஷனிலோ தாடை சிதைந்தது. இப்படிப்பட்ட காரணங்களுக்குத்தான் எடை இருக்கும். முன் அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை நாற்காலியில் உட்காரக் கூடாது.

அடுத்தது ஆஸ்பத்திரி. ‘இ.சி.எச்.எஸ். எடுத்துக்குவோம்’ என்று போர்டு இருந்தால் எல்லாவற்றுக்கும் எடுப்பார்கள் என்று அர்த்தமில்லை. அங்கீகாரம் துறைவாரியாகத் தரப்படுகிறது. இதயத்துக்குப் பட்டியலில் இருக்கும் மருத்துவமனை பல்லுக்கு இல்லாமல் இருக்கலாம். அரசிடமிருந்து வர வேண்டிய பில் தேங்கி, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளே சேவையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்பதும் நடந்திருக்கிறது. ஆகவே பஸ் ஏறும் முன் ஒரு போன் போட்டு, ‘பல் துறைக்கு கார்டு ஓடுதா, இம்ப்ளான்ட் பண்றீங்களா’ என்று இரண்டையும் கேட்டுவிடுவது நல்லது.

பணம் எவ்வளவு என்பதை மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். கட்டணப் பட்டியல் தீர்மானிக்கிறது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை அந்தக் கட்டணத்துக்கு மேல் நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது. ‘இம்போர்ட்டட் ஸ்க்ரூ போடறோம், வித்தியாசத்தை நீங்க கட்டிடுங்க’ என்று சொன்னால், எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கேட்கலாம். எழுதச் சொன்னதுமே பேச்சு மாறுவதும் உண்டு.

ஒரு பல், மூன்று பில்

இம்ப்ளான்ட் ஒரே நாளில் முடியும் வேலை இல்லை. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் பெர்-இங்வார் பிரானமார்க் 1965-ல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் வேர் வைத்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர வேண்டும், அதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். முதலில் ஸ்க்ரூ. ஒட்டியபின் அதன்மேல் ஒரு இணைப்பு. கடைசியில் கேப். எலும்பு குறைவாக இருந்தால் அதற்கு முன்பே எலும்பு ஒட்டு வேறு.

இதில்தான் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் இருக்கிறது. ரெஃபரலுக்குக் காலக்கெடு உண்டு. ஸ்க்ரூ வைக்கும்போது செல்லுபடியாக இருந்த காகிதம் கேப் போடும்போது காலாவதி ஆகியிருக்கலாம். ஆரம்பத்திலேயே முழுச் சிகிச்சையும், அதாவது ஸ்கேன், எலும்பு ஒட்டு, ஸ்க்ரூ, இணைப்பு, கேப் எல்லாம் அனுமதிக் கடிதத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் ரெஃபரலைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயில் ஸ்க்ரூ மட்டும் நிற்கும்.

அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் முடியாது. பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு கரையத் தொடங்கும், முதல் வருடத்தில்தான் அதிகம். எலும்பு போகப்போகச் செலவும் ஏறும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் சிகரெட் விடாதவர்களுக்கும் ஸ்க்ரூ ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுதல். அனுமதிக்காகக் காத்திருக்கும் வாரங்களைச் சர்க்கரையைக் குறைக்கப் பயன்படுத்தலாம்.

கார்டில் யார் இருக்கிறார்கள்?

கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர். மகனுக்கு 25 வயது வரை. அதற்குள் சம்பாதிக்கத் தொடங்கினாலோ கல்யாணம் ஆனாலோ அன்றோடு சரி. மகளுக்கு வேலையோ கல்யாணமோ ஆகும் வரை. பெற்றோரின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும். இதைப் படிக்கும் ஐ.டி. ஊழியர் முன்னாள் ராணுவத்தினரின் மகன் என்றால், முதல் சம்பளம் வந்தபோதே அவர் வெளியே வந்துவிட்டார். கம்பெனியின் குழுக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். பல்லுக்கென்று தனிச் சலுகை இருந்தாலும் அது சிறிய தொகைதான், இம்ப்ளான்ட்டை விலக்கியிருப்பதும் சகஜம். பாலிசியில் ‘பல்’ என்ற தலைப்பை ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

இன்னும் பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு இ.சி.எச்.எஸ். கிடையாது. அவர்களுக்கு ராணுவ மருத்துவமனைகளும் ராணுவப் பல் மருத்துவ மையங்களும்தான். சென்னை, வெலிங்டன் என்று அவை இருக்கும் இடங்கள் தொண்டிக்குத் தூரம். லீவில் வரும் மகன் போகும்போது அம்மாவையும் தன் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் பல்லைக் காட்டுவதே பல வீடுகளில் நடக்கக்கூடிய வழி.

அக்னிவீரர்கள் கதை வேறு. 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் 4 வருடம் முடித்து வெளியே வருபவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, இ.சி.எச்.எஸ்.-உம் இல்லை. பல்லில் குறை இருந்தால் வெளியே வரும் முன் ராணுவ மையத்திலேயே முடித்துக்கொள்வது அவர்கள் கையில் இருக்கிறது.

எந்தக் கார்டிலும் வராதவர்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு இடம் உண்டு. புதுக்கோட்டையில் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இம்ப்ளான்ட்டுக்கு முன் பல்செட்டோ பிரிட்ஜோ போதுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவாவது அங்கே ஒருமுறை காட்டலாம்.