தோளில் தொடங்கும் ஃபோர்ஹேண்ட்

டென்னிஸ் மட்டையைப் பிடித்த கையின் பக்கமாக வரும் பந்தை, உள்ளங்கை முன்னோக்கியிருக்க அடிப்பது ஃபோர்ஹேண்ட். முப்பது, நாற்பது வயதில் ஆட வருபவர்கள் முதலில் கற்பது இதைத்தான். நெடுநாள் தவறாக அடிப்பதும் இதைத்தான். வளர்ந்தவரின் கைவலுவே இதற்குக் காரணம். தோளைத் திருப்பாமல் கையை மட்டும் வீசினாலும் பந்து வலையைத் தாண்டிவிடுகிறது. அதுவே பழகியும் விடுகிறது.

மட்டையின் கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள். மட்டையின் விளிம்பு தரையைப் பார்க்கப் பிடித்தால் மேலே அமைவது முதல் பட்டை. வலக்கை ஆட்டக்காரருக்கு அங்கிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். ஆள்காட்டி விரலின் அடிக்கணு 3ஆம் பட்டையில் படிந்தால் ஈஸ்டர்ன் பிடி, 4இல் செமி-வெஸ்டர்ன், 5இல் வெஸ்டர்ன். பந்து உயர எழும்பும் கலிஃபோர்னியா சிமென்ட் தளங்களில் வளர்ந்தது வெஸ்டர்ன் பிடி. பந்து தாழ்ந்து வழுக்கும் புல்தரைக்கு அது ஒத்துவராது. 1974 வரை நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் மூன்று புல்தரையில்தான் நடந்தன. இன்று தொழில்முறை ஆட்டத்தில் செமி-வெஸ்டர்னே அதிகம். டிவியில் அதைப் பார்த்துவிட்டு முதல் நாளே கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஈஸ்டர்னில் உள்ளங்கை பார்க்கும் திசையையே மட்டையின் முகமும் பார்ப்பதால், புதியவருக்கு அதுவே எளிது.

எதிராளி அடிக்கும் நொடியில் இரு கால்களிலும் சிறு துள்ளல்; பந்து வரும் பக்கம் தெரிந்ததும் தோள்கள் திரும்ப வேண்டும். பந்து தரையில் பட்ட பிறகு திரும்புவது தாமதம். இடக்கையைச் சற்று நேரம் மட்டையின் கழுத்திலேயே வைத்திருந்தால் தோள் தானாகத் திரும்பும். பெரியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி இல்லை எனலாம். பந்தைச் சந்திக்கும் இடம் உடம்புக்கு முன்னால், ஏறத்தாழ இடுப்பு உயரத்தில். உடம்பை ஒட்டியோ பின்னாலோ அடித்தால் முழங்கை மடங்கி, பந்து பக்கவாட்டில் பறக்கும்.

பந்து மட்டையின் நரம்புகளில் தங்குவது சுமார் 5 மில்லிநொடிதான். அதற்குள் மணிக்கட்டைப் புரட்டி எதையும் திருத்த முடியாது. பந்து முன்சுழற்சி பெற, மட்டை பந்துக்குக் கீழிருந்து மேலேறி வர வேண்டும். மட்டையின் முகம் ஏறக்குறைய செங்குத்தாக இருந்தால் போதும். அப்படிச் சுழலும் பந்து வலைக்கு மேல் உயரமாகப் போனாலும் எல்லைக்குள் இறங்கிவிடும். அடித்த வேகத்தில் மட்டை எதிர்த் தோள்வரை போய் நிற்கும். அதைத் தனியாகப் பழக வேண்டியதில்லை.

பழகும்போது குறுக்காக அடிப்பது நல்லது. வலையின் உயரம் கம்பங்களருகே 1.07 மீட்டர், குறுக்காகப் போகும் பந்து தாண்டும் நடுப்பகுதியில் 0.914 மீட்டர். ஆடுகள நீளம் 23.77 மீட்டர் என்றால், ஒற்றையர் களத்தின் மூலைக்கு மூலை தூரம் 25 மீட்டருக்குச் சற்று அதிகம். பிழைக்கு அவ்வளவு இடம் கூடுதல்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2007இல் தொடங்கிய ‘ப்ளே அண்ட் ஸ்டே’ இயக்கம், புதியவர்களுக்கு மெதுவான பந்துகளைப் பரிந்துரைத்தது. ஆரஞ்சுப் பந்து வழக்கமானதைவிட 50%, பச்சைப் பந்து 25% மெதுவானது. சிறுவர்களுக்கானவை என்று பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். தோளைத் திருப்ப நேரம் தருபவை அவைதான். சர்வீஸ் கோட்டருகே நின்று அந்தப் பந்துகளில் தொடர்ந்து ஆட முடிந்தபின் களத்தின் பின் எல்லையான பேஸ்லைனுக்குப் போகலாம். வழக்கமான மஞ்சள் பந்து அதற்கும் பிறகு.