கடகடவென்று ஒப்பித்தல்

அம்மையநாயக்கனூரில் உள்ள இரயில் நிலையம், கொடைக்கானல் மலைக்குச் செல்வோர் இறங்குமிடமாதலின், கொடைரோடு எனப் பெயர் பெற்றது. அவ்வூர்ச் சிறுவன் ஒருவனிடம், திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையிலுள்ள நிலையங்களைக் கேட்டுப் பாருங்கள். "அம்பாத்துரை, கொடைரோடு, வாடிப்பட்டி, சோழவந்தான், சமயநல்லூர், கூடல்நகர்" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். இதனை ஆங்கிலத்தில் எவ்வாறு கூறுவது?

'ரிசைட்' என்னும் சொல் உண்டு. ஆனால் அது அவையிலே நின்று செய்யுள் சொல்வதற்கே மிகவும் பொருந்தும். விரைவைக் காட்ட ஆங்கிலேயர் 'ராட்டில் ஆஃப்' என்றும் 'ரீல் ஆஃப்' என்றும் கூறுவர். இவற்றில் வரும் 'ஆஃப்' என்னும் சிறு சொல்லைத் தனியே பிரித்துப் பொருள் தேடுவது வீண். 'சொல்லித் தள்ளினான்' என்னும்போது நாம் எதையேனும் கையால் தள்ளுகிறோமா? நம் துணைவினை செய்யும் தொழிலை அங்கே அச்சிறு சொல் செய்கிறது.

இரண்டும் ஒன்றுதானே எனலாம், அன்று. 'ராட்டில்' என்பது தகரப் பெட்டியில் இட்ட கற்களைக் குலுக்கினால் எழும் ஓசை. நம் 'கடகட' என்னும் இரட்டைக்கிளவியும் அவ்வோசையையே தழுவியது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. "பாட்டைக் கடகடவென்று ஒப்பித்தான்" என்று நம் ஆசிரியர் சொன்னால் பெரும்பாலும் அது பாராட்டு. அதையே 'ராட்டில்ட் ஆஃப்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், பொருளுணராமல் ஓட்டினான் என்னும் குறிப்பும் உடன் வரக்கூடும். நண்பனைப் புகழ எண்ணி இத்தொடரை எழுதும் மாணவர், தம்மை அறியாமலே அவனைக் குறைத்துச் சொல்லியவர் ஆவார்.

'ரீல்' என்பதோ நூல் சுற்றும் கருவி. திண்டுக்கல்லுக்கும் கொடைரோட்டுக்கும் இடையே சின்னாளபட்டி இருக்கிறது. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன நெசவாளர் ஊர். அங்கே நூல் சுற்றுவதைக் கண்டவர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. நுனியைப் பற்றி இழுத்தால் இழை அறாமல் வந்துகொண்டே இருக்கும். ஆகவே பெயர்கள், ஆண்டுகள், எண்கள் முதலிய வரிசைகளைத் தடையின்றிச் சொல்லுதற்கு 'ரீல் ஆஃப்' மிகப் பொருத்தம். நம் கொடைரோட்டுச் சிறுவனுக்கு உரியது இதுவே.

'டிராட் அவுட்' என்று மற்றொன்றும் உண்டு. வாங்குவோர் முன் குதிரையை ஓட்டிக் காட்டுவதிலிருந்து வந்தது. பழகிப்போன சாக்குகளையே மீண்டும் மீண்டும் எடுத்துவிடுவோர்க்கு உரியது. வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் இதனை நன்கறிவர்!

ஓசையையும் நூலையும் குதிரையையும் ஆங்கிலம் நாடியதென்றால், தமிழின் 'ஒப்புவித்தல்' கொடுக்கல் வாங்கலை நாடியது. ஒப்படைத்தல் என்பதே அதன் முதற்பொருள். ஆசிரியர் தந்த பாடத்தை மாணவன் சிதையாமல் அவரிடமே திருப்பித் தருகிறான்; விரைவு அச்சொல்லில் இல்லை. அதனாற்றான் 'கடகட', 'மடமட' என்று முன்னே சேர்க்கிறோம்.

தேர்வு எழுதுவோர்க்கு இன்னும் ஒன்று. பெயர்ச்சொல்லாயின் 'ஆஃப்' என்பதற்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயராயின் நடுவிலேதான் வரவேண்டும்: 'ரீல் தெம் ஆஃப்' என்பதே சரி, 'ரீல் ஆஃப் தெம்' என்பது பிழை.