ஒல்லி உடம்பிலும் கொழுப்பு!

என் கணவரின் அண்ணன், 41 வயதில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சிகரெட், குடி எதுவும் கிடையாது, ஆளும் ஒல்லி. 'என் பிள்ளைக்குக் கண்ணு பட்டுடுச்சு' என்று மாமியார் இன்றும் சொல்லி அழுவார். என் மாமனாரும் 50ஐத் தாண்டவில்லை.

காரியம் முடிந்த கையோடு, என் கணவரை டாக்டரிடம் இழுத்துப் போனேன். ரத்தம் எடுக்கும் முன்பே, இவரது கண் இமையோரத்து மஞ்சள் தடிப்பையும், குதிகாலுக்கு மேலே தடித்திருந்த நாரையும் டாக்டர் தொட்டுப் பார்த்தார். (இமைத் தடிப்புக்கு மாமியார் வைத்திருந்த பெயர், பாலுண்ணி!) கெட்ட கொழுப்பான எல்.டி.எல்., 268. பெரியவர்களுக்கு 190ஐத் தாண்டினாலே, பரம்பரைக் கோளாறா என்று பார்க்கணுமாம்.

ரத்தத்திலுள்ள இந்தக் கொழுப்பை இழுத்துக் கொள்வது கல்லீரலின் வேலை. சிலருக்குப் பிறவியிலேயே அதன் வாசல்களில் பாதி சரியாகத் திறக்காது. அதனால் எண்ணெயைக் குறைத்தால் மட்டும் போதாது. ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும். ஜப்பான்காரர் அகிரா எண்டோ, 1970களில் பூஞ்சையிலிருந்து எடுத்ததுதான் இந்த வகையில் முதல் மருந்து. ஊறுகாயில் பூத்தால் வழித்து எறிவோமே, அந்த ஜாதி!

பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் பேதமில்லை. என் மகனுக்கு இல்லை. 14 வயது மகளுக்கு, 214.

வந்தது வினை. 'வயசுக்கு வந்த பொண்ணுக்கு நெஞ்சு வியாதின்னு வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? மாத்திரையும் வேணாம், மண்ணும் வேணாம்' என்று மாமியார் குதித்தார். 'கவலைப்படாதீங்கம்மா, முறைப் பையன் என் மகன் இருக்கானே' என்றார் நாத்தனார்.

எனக்குக் குலை நடுங்கியது. நாத்தனாரும் அதே ரத்தம்தானே? அவர் மகனுக்கும் இது இருந்து, இருவருக்கும் முடித்து வைத்தால், பிறக்கும் குழந்தைக்கு இரட்டிப்பாக வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படி வந்தால், பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரலாம் என்கிறார் டாக்டர்.

'அண்ணி, நீங்களும் தம்பியும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்க' என்றேன். 'என் பிள்ளைய நோயாளி ஆக்கப் பாக்கறியா?' என்று எழுந்து போனவர்தான். மூன்று மாதமாகப் பேச்சில்லை.

மகள் தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். நாளைக்குக் கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வரும்போது, முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லணும் என்பதையும் இப்போதே அவள் காதில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஓரகத்தி மட்டும், தகப்பனில்லாத தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, போன வாரம் என்னோடு லேபுக்கு வந்தார். ரிசல்ட் இன்னும் கைக்கு வரவில்லை.

நாத்தனாரை எப்படி வழிக்குக் கொண்டு வருவது? அனுபவப்பட்ட தோழியர் யாராவது எழுதுங்களேன்!